பாசிக் குடுவையில் வைட்டமின்: பி12, பி1, பயோட்டின் கரைசல் தயாரிப்பும், உங்கள் பாசிக்கு எது தேவை என்று கண்டறியும் முறையும்

வைட்டமின் போடாத கடல்பாசிக் கல்ச்சர் (குடுவையில் வளர்க்கும் பாசி) உடனே சாகாது. ஆளை ஏமாற்றுவது அதுதான். முதல் மாற்றலில், அதாவது கொஞ்சத்தை எடுத்துப் புதிய குடுவையில் விதைக்கும்போது, வழக்கம்போலப் பழுப்பாக ஏறும். இரண்டாவதில் இரண்டு நாள் தாமதமாக ஏறும். மூன்றாவதில் வெளிறி, அடியில் படிந்து நின்றுவிடும். அதற்குள் உப்பளவு, வெளிச்சம், சிலிக்கேட் என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டு முடித்திருப்பார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வைட்டமின் பாட்டிலைத் தொடாமலே ஒரு கல்ச்சர் ஆறு மாதம் ஓடும். “இந்தப் பாசிக்கு வைட்டமினே வேண்டாம்” என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுவார்கள். அனேகமாக அது தவறு. குடுவைக்குள் பாசியோடு வாழும் பாக்டீரியா பி12 செய்து கொடுத்துக்கொண்டிருக்கும். பாக்டீரியாவை நீக்கிப் பார்க்கும்வரை ஒரு பாசிக்கு எது தேவை, எது தேவையில்லை என்று சொல்ல முடியாது. அதைச் சரியாகச் செய்யும் வழிதான் கீழே. கரைசல் தயாரிப்பு முதலில். பாதிப் பிழைகள் அங்கேயே நடந்துவிடுகின்றன.

மூன்றே மூன்று வைட்டமின்

கடல் நுண்பாசிகளுக்கு வெளியிலிருந்து தேவைப்படுபவை பெரும்பாலும் மூன்று: பி12 எனும் கோபாலமின், பி1 எனும் தயமின், பி7 எனும் பயோட்டின். முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாசி இனங்களைப் பற்றி வெளியான முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பாதிக்குப் பி12 தேவைப்பட்டது. ஐந்தில் ஒரு பங்குக்குத் தயமின். இருபதில் ஒன்றுக்குத்தான் பயோட்டின். சோதனையில் நேரத்தை எங்கே செலவிடுவது என்பதை இந்த விகிதமே சொல்லிவிடும்.

பி12-ஐ எந்தப் பாசியாலும் சொந்தமாகச் செய்ய முடியாது. சில பாக்டீரியாக்களும், பாக்டீரியா போலவே தெரியும் ஆர்க்கியா என்ற வேறு நுண்ணுயிர்களும் மட்டுமே செய்யும். பின் எப்படிப் பாதிப் பாசிகள் அது இல்லாமலே வாழ்கின்றன? மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கட்டும் கடைசிப் படிக்கு இரண்டு வகை நொதிகள் உண்டு. மெட்எச் என்பது பி12 இல்லாமல் வேலை செய்யாது. மெட்இ பி12 இல்லாமலே செய்யும், ஆனால் வெகு மெதுவாக. மெட்இ கையில் இருக்கும் பாசி தப்பித்துவிடும். மெட்எச் மட்டும் இருப்பது மாட்டிக்கொள்ளும். டயட்டம்கள் எனும் சிலிக்கா ஓட்டுப் பாசிகளில் பியோடாக்டைலம் ட்ரைகார்னூட்டம் முதல் வகை. தலாசியோசிரா சூடோனானா இரண்டாம் வகை. இரண்டும் ஆய்வகங்களில் எளிதாகக் கிடைப்பவை. சோதனை பழக இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

நுண்தனிமக் கரைசலில் கோபால்ட் குளோரைடு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. பி12-ன் நடுவில் கோபால்ட் இருப்பது உண்மைதான். ஆனால் கோபால்ட்டைச் சுற்றி அந்த வளையத்தைக் கட்டத் தெரிந்தது பாக்டீரியாவுக்கும் ஆர்க்கியாவுக்கும் மட்டும். செங்கல்லைக் கொட்டினால் வீடு எழுந்துவிடாது.

கரைசல் தயாரிப்பு

பாசி வளர்க்கும் சத்து நீரை ஊடகம் என்போம். கில்லார்டின் எஃப்/2 ஊடகம்தான் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அதன்படி ஒரு லிட்டர் கடல்நீரில் கடைசியாக இருக்க வேண்டியவை: தயமின் 100 மைக்ரோகிராம், பயோட்டின் 0.5 மைக்ரோகிராம், பி12 0.5 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவை நேரடியாக நிறுக்க முடியாது. அதனால் இரண்டு கட்டமாக நீர்க்க வேண்டும்.

முதலில் பி12 தாய்க் கரைசல். 50 மி.கி. சயனோகோபாலமினை 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 1 கிராம். 5 மி.கி. நிறுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். சாதாரணத் தராசில் அந்த அளவுக்குப் பிழை அதிகம். கரைசல் மாதுளைச் சாறு போல அடர் சிவப்பாக இருக்கும். புட்டியை அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள்.

அடுத்தது பயோட்டின் தாய்க் கரைசல். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. செய்முறைக் குறிப்புகளில் “லிட்டருக்கு 1 கிராம்” என்று போட்டிருக்கும். ஆனால் அறை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 0.2 கிராம்தான் கரையும். மீதி வெள்ளைத் தூளாக அடியில் நிற்கும். அதைக் கவனிக்காமல் மேலே உள்ளதை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைப்பது. இன்னொன்று, 10 மி.கி. பயோட்டினை 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 1 மி.லி.க்குப் பதில் 10 மி.லி. எடுப்பது. இரண்டாவதில் தவறு நடக்க வழி குறைவு.

இனி வேலைக் கரைசல்:

- காய்ச்சி வடித்த நீர் 950 மி.லி.
- தயமின் ஹைட்ரோகுளோரைடு 200 மி.கி. (தூளை நேரடியாகப் போடலாம், உடனே கரையும்)
- பயோட்டின் தாய்க் கரைசல் 10 மி.லி. (லிட்டருக்கு 0.1 கிராம் உள்ளது)
- பி12 தாய்க் கரைசல் 1 மி.லி.
- நீர் விட்டு மொத்தம் 1 லிட்டர்

ஊடகம் ஒரு லிட்டருக்கு இதில் 0.5 மி.லி. போதும். தாய்க் கரைசல் அத்தனை சிவப்பாக இருந்தாலும் வேலைக் கரைசல் கண்ணுக்கு நிறமில்லாமல்தான் தெரிய வேண்டும். பளிச்சென்ற இளஞ்சிவப்பு தெரிந்தால் நீர்த்தலில் சுழியம் ஒன்றோ இரண்டோ தவறியிருக்கிறது; கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

0.2 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர் வழியாக, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) குழாய்களில் 5 மி.லி. வீதம் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாய் 10 லிட்டர் ஊடகத்துக்கு வரும். உருக்கிய குழாயைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஓரிரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். குழாயில் தேதி எழுதாதவர்கள்தான் பிறகு “வைட்டமின் கெட்டிருக்குமோ” என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

நம் பக்கத்துக் கடல்வாழ் குஞ்சுப் பொரிப்பகங்களில் வால்னி ஊடகம் அதிகம். கான்வே என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். அதில் 100 மி.லி. வைட்டமின் கரைசலில் தயமின் 200 மி.கி., பி12 10 மி.கி.; லிட்டருக்கு 0.1 மி.லி. போடுவார்கள். கணக்குப் போட்டால் பி12 லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரும். எஃப்/2-ஐப் போல இருபது மடங்கு. பயோட்டின் கிடையாது. பாசிக்கு அதனால் கேடில்லை. ஆனால் கான்வேயில் வளர்ந்த பாசியை வைட்டமின் சோதனைக்கு எடுக்கும்போது இந்த இருபது மடங்கு கூடவே வரும் என்பதை மறக்கக் கூடாது.

வைட்டமினைக் கெடுப்பவை

சூடு, வெளிச்சம், குளோரின், சல்பைட்டு. நான்கும் ஒவ்வொரு விதத்தில் கெடுக்கும்.

ஆட்டோகிளேவில் வைத்தால் பி12-ம் பயோட்டினும் ஓரளவு தாங்கும். தயமின் தாங்காது, அதிலும் கடல்நீரின் 8 பிஎச்சில். தயமின் மூலக்கூறு இரண்டு துண்டுகளை ஒரு பாலத்தால் இணைத்தது: ஒரு பக்கம் பிரிமிடின், மறுபக்கம் தயசோல். சூடு அந்தப் பாலத்தை உடைத்துவிடும். விந்தை என்னவென்றால், சில பாசிகள் உடைந்த துண்டை எடுத்துத் தாமே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆட்டோகிளேவ் செய்த தயமினோடும் அவை வளரும். பக்கத்துக் குடுவையில் வேறு இனம் செத்துக்கொண்டிருக்கும். “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்ற வாதம் அவரவர் பாசிக்கு மட்டும்தான் பொருந்தும். ஊடகம் ஆறிய பிறகு, ஃபில்டர் செய்த வைட்டமினைக் கடைசியில் சேர்ப்பதே பாதுகாப்பு.

பி12-க்கு எதிரி வெளிச்சம். நேரடி வெயிலில் நிற்கும் நீரில் சில நாட்களிலேயே அதில் கணிசமான பங்கு சிதைந்துவிடும். வெளித்தொட்டிக்கு வைட்டமின் போடுவதானால் சாயங்காலம் போடுங்கள். பாசி இரவில் உறிஞ்சிக்கொள்ளும்.

கடல்நீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும் இடங்களில், மிச்சக் குளோரின் போன பிறகே வைட்டமின் போட வேண்டும். அதை நீக்கச் சோடியம் தயோசல்பேட் போடுங்கள். சோடியம் மெட்டாபைசல்பைட்டும் குளோரினை எடுக்கும். ஆனால் அதிலிருந்து வரும் சல்பைட்டு தயமினின் அதே பாலத்தை நேராக அறுக்கும். இறால் பதப்படுத்தும் கூடத்திலிருந்து அந்த மூட்டை பாசி அறைக்கு வந்துவிட்டால், பி1 தேவைப்படும் ஐசோகிரைசிஸ், பாவ்லோவா போன்றவைதான் முதலில் படுக்கும்.

மருந்துக்கடை ஊசி மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். 1 மி.லி.யில் 500 மைக்ரோகிராம் உள்ள பி12 ஊசி மருந்து ஒன்று, எஃப்/2 கணக்கில் 1000 லிட்டர் தொட்டிக்குச் சரியாக வரும். தொட்டிக்கு அதைப் போடலாம், தவறில்லை. சோதனைக்கு வேண்டாம்: உள்ளே பாதுகாப்புப் பொருள் இருக்கலாம், பி-காம்ப்ளெக்ஸ் ஊசியாக இருந்தால் எதை நீக்கிச் சோதிக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். மீதைல்கோபாலமின் ஊசி, சயனோகோபாலமினைவிட வெளிச்சத்தில் விரைவாகக் கெடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உங்கள் பாசிக்கு எது தேவை: சோதனை

*நீர்.* இயற்கைக் கடல்நீர் இதற்கு ஆகாது. கரையோர நீரிலேயே பி12 இருக்கும். திறந்த கடலில் பி12 லிட்டருக்குப் பிக்கோமோல் (மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில்தான். எஃப்/2-ல் இருப்பதோ 369 பிக்கோமோல். ஆனால் சோதனையைக் குழப்ப அந்தச் சில பிக்கோமோல் போதும். செயற்கைக் கடல்நீர் தயாரித்துக்கொள்ளுங்கள். அக்வில் ஊடகத்தின் உப்புக் கலவை ஒரு லிட்டருக்கு:

- சோடியம் குளோரைடு 24.54 கி.
- சோடியம் சல்பேட் (நீரற்றது) 4.09 கி.
- பொட்டாசியம் குளோரைடு 0.70 கி.
- சோடியம் பைகார்பனேட் 0.20 கி.
- பொட்டாசியம் புரோமைடு 0.10 கி.
- போரிக் அமிலம் 0.03 கி.
- சோடியம் ஃப்ளோரைடு 0.003 கி.
- மக்னீசியம் குளோரைடு (6 நீர்) 11.1 கி.
- கால்சியம் குளோரைடு (2 நீர்) 1.54 கி.
- ஸ்ட்ரான்சியம் குளோரைடு (6 நீர்) 0.017 கி.

முதல் ஏழையும் 600 மி.லி. நீரில் கரையுங்கள். கடைசி மூன்றையும் 300 மி.லி.யில் தனியாகக் கரையுங்கள். பிறகு கிளறிக்கொண்டே இரண்டையும் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால் வெண்மையாகத் திரியும். அந்தத் திரிவு இரும்பையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இதன்மேல் எஃப்/2-ன் நைட்ரேட், பாஸ்பேட், நுண்தனிமங்கள், டயட்டமானால் சிலிக்கேட்டும் வழக்கமான அளவில். ஆட்டோகிளேவ் செய்தால் கரியமில வாயு வெளியேறிப் பிஎச் ஏறும், வீழ்படிவும் வரலாம், முடிந்தால் 0.2 மைக்ரானில் ஃபில்டர் செய்யுங்கள். மொத்தச் சோதனைக்கு இரண்டரை லிட்டர் போதும்.

*குடுவை.* வைட்டமின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த சுற்றுக்கும் வரும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊற வைத்து, காய்ச்சி வடித்த நீரில் ஐந்தாறு முறை அலசுங்கள். இந்தச் சோதனைக்கென்று தனிக் குடுவைகள் இருந்தால் நல்லது.

*பாக்டீரியாவை நீக்குதல்.* கடினமான கட்டம் இதுதான். பொறுமையில்லாவிட்டால் இதற்குப் பின் செய்வதெல்லாம் வீண்.

வேகமாக வளரும் கட்டத்தில் உள்ள கல்ச்சரில் 10 மி.லி. எடுத்து 3 மைக்ரான் பாலிகார்பனேட் தாளில் மெதுவாக வடிகட்டி, கிருமி நீக்கிய ஊடகத்தால் மூன்று நான்கு முறை கழுவுங்கள். தாள் காயக் கூடாது. காய்ந்தால் செல் வெடித்துவிடும். தாளை 10 மி.லி. புதிய ஊடகத்தில் ஆட்டிப் பாசியை இறக்குங்கள். லிட்டருக்கு 0.1 கிராம் வீதம் பெப்டோன் (பாக்டீரியாவுக்கான புரத உணவு) சேர்த்துச் சில மணி நேரம் விடுங்கள். ஆம்பிசிலின் வளரும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். தூங்கிக் கிடப்பவற்றை எழுப்பத்தான் இந்தப் பெப்டோன். பிறகு லிட்டருக்கு ஆம்பிசிலின் 100 மி.கி., ஸ்ட்ரெப்டோமைசின் 50 மி.கி. போட்டு, வெளிச்சத்தில் 48 மணி நேரம் வையுங்கள். அதிலிருந்து 1 மி.லி. மருந்தில்லாத, வைட்டமின் உள்ள ஊடகத்துக்கு.

ஸ்ட்ரெப்டோமைசினும் குளோராம்பெனிகாலும் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குபவை. பாசியின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் ரைபோசோமும் அதே குடும்பம்தான். அதனால் பாதி அளவு, முழு அளவு, இரட்டை அளவு என்று மூன்று குழாய்களில் ஓட்டிப் பார்த்து, பாசி தாங்கும் மிக உயர்ந்த அளவைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெளுத்துப்போனால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

பாக்டீரியா போய்விட்டதா? சோபெல் கடல் அகார் தட்டில் ஒரு சொட்டு விட்டு இரண்டு வாரம் பாருங்கள். காலனி வந்தால் பாக்டீரியா இருக்கிறது என்பது உறுதி. வராவிட்டால் இல்லை என்பது உறுதியாகாது. கடல் பாக்டீரியாவில் பெரும்பாலானவை தட்டில் வளர்வதே இல்லை. அதனால் டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாபி சாயம் போட்டு, ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு செய்யுங்கள். கறுப்புத் தாளின் மேல் பாசி செல்லின் உட்கரு பெரிய நீலப் பொட்டாக, பசுங்கணிகம் சிவப்பாகத் தெரியும். அதன் ஓரத்தில் மிளகைச் சுற்றிய கடுகுத் தூளாகச் சின்ன நீலப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் வேலை முடியவில்லை, திரும்பவும் முதலிலிருந்து.

*பதினைந்து குடுவைகள்.* மூன்று வைட்டமின்களையும் தனித்தனி வேலைக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள்: தயமின் லிட்டருக்கு 200 மி.கி., பயோட்டின் 1 மி.கி., பி12 1 மி.கி. 100 மி.லி. குடுவையில் 40 மி.லி. ஊடகம், ஒவ்வொரு வைட்டமினும் 20 மைக்ரோலிட்டர். ஐந்து வகை, வகைக்கு மூன்று குடுவை: மூன்றும் உள்ளது, பி12 மட்டும் இல்லாதது, பி1 மட்டும் இல்லாதது, பயோட்டின் மட்டும் இல்லாதது, எதுவுமே இல்லாதது. 24 டிகிரி, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. தினம் ஒருமுறை குடுவைகளை இடம் மாற்றி வையுங்கள். ட்யூப்லைட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசமே சில நேரம் வைட்டமின் வித்தியாசம்போல வேடம் போடும்.

*மாற்றல் கணக்கு.* எஃப்/2-ல் வளர்ந்த கல்ச்சரில் பி12 லிட்டருக்கு 500 நானோகிராம். அதிலிருந்து நூறில் ஒரு பங்கு விதையாகப் போட்டால், “பி12 இல்லாத” குடுவையிலும் 5 நானோகிராம், அதாவது 3.7 பிக்கோமோல் இருக்கும். கடலில் பல இடங்களில் பாசிக்குக் கிடைப்பதே இவ்வளவுதான்! முதல் சுற்றில் எல்லாக் குடுவைகளும் ஒரேபோல வளர்வதில் ஆச்சரியமில்லை. இரண்டாம் மாற்றலில் இது 0.05 நானோகிராம், மூன்றாவதில் 0.0005. மூன்றாம் சுற்றின் எண்களைத்தான் நம்ப வேண்டும். கான்வேயிலிருந்து வந்த பாசியானால், முன்பு சொன்ன இருபது மடங்குக்காக இன்னொரு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள். விதையைக் கழுவிப் போட்டால் ஒரு சுற்று மிச்சமாகுமே என்று தோன்றும். ஆகாது, செல்லுக்குள் சேர்த்து வைத்ததைக் கழுவ முடியாது, அது பிரிந்து பிரிந்துதான் குறைய வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும், எல்லா வைட்டமினும் உள்ள குடுவை உச்சத்தை நெருங்கும்போது மாற்றுங்கள். வளராத குடுவையிலிருந்து 0.4 மி.லி. எடுத்தால் செல்லே வராது. அதற்கு அதிக அளவு விதை போட நேர்ந்தால், போட்ட அளவைக் குறித்து வைத்து மேலே உள்ள கணக்கைத் திருத்துங்கள்.

*எண்ணுதல்.* மி.லி.க்கு ஒரு லட்சம் செல்லுக்கு மேலே நியூபாவர் தட்டு போதும்: ஒரு சதுர மி.மீ.யில் உள்ள செல்களைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் மி.லி. கணக்கு. அதற்குக் கீழே போனால் கட்டத்துக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் விழும், எண்ணிக்கை தள்ளாடும். செட்ஜ்விக் ராஃப்டர் தட்டுக்கு மாறுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். வளர்ச்சி வேகத்துக்கு, பிந்தைய எண்ணிக்கையை முந்தையதால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நாட்களால் வகுக்க வேண்டும். ஆனால் வைட்டமின் சோதனையில் வேகத்தைவிட உச்ச எண்ணிக்கை தெளிவாகப் பேசும்: இருக்கும் வைட்டமின் தீரும்வரை பாசி நல்ல வேகத்திலேயே வளர்ந்து, பிறகு சட்டென்று நிற்கும்.

*மீட்பு.* இதை விட்டுவிட்டால் சோதனை பாதிதான். மூன்றாம் சுற்றில் நின்றுபோன பி12 இல்லாத குடுவைகளில் ஒன்றில் 20 மைக்ரோலிட்டர் பி12 போடுங்கள். அடுத்ததில் அதே அளவு வெறும் நீர். பி12 போட்டது மட்டும் சில நாட்களில் எழுந்தால் தேவை உறுதி. இரண்டுமே எழாவிட்டால் செல்கள் வேறு காரணத்தால் செத்திருக்கின்றன. இரண்டுமே எழுந்தால் உங்கள் நீரில் வைட்டமின் இருக்கிறது, அல்லது பாக்டீரியா புகுந்துவிட்டது. டாபி சாயத்தைத் திரும்ப எடுங்கள்.

முடிவுகளை வாசிப்பது

தலாசியோசிரா சூடோனானாவில் பி12 இல்லாத வகையும் எதுவுமே இல்லாத வகையும் மட்டும் நிற்கும். மற்ற மூன்றும் ஏறும். பியோடாக்டைலத்தில் ஐந்தும் ஏறும். உங்கள் கையில் இந்த இரண்டும் இப்படி வரவில்லையென்றால், புதிய பாசியைச் சோதிக்கத் தொடங்காதீர்கள். பாவ்லோவா லூதெரியில் பி12 இல்லாததும் பி1 இல்லாததும் தனித்தனியாக நிற்கும்.

பயோட்டின் இல்லாதது மட்டும் மங்கலாக, பாதி உயரத்தில் நின்றால் அவசரப்பட வேண்டாம். அது பெரும்பாலும் பைப்பெட் பிழை.

பி1 முடிவுகள்தான் மிகச் சிக்கலானவை. “தயமின் தேவை” என்ற ஒரே பெயரின் கீழ் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு பாசிக்கு முழு மூலக்கூறும் வேண்டும். இன்னொன்றுக்குப் பிரிமிடின் துண்டு மட்டும் கிடைத்தால் மீதியைத் தானே கட்டிக்கொள்ளும். உலகக் கடல்களில் மிக அதிகமாக இருக்கும் எஸ்ஏஆர்11 பாக்டீரியா இதிலும் ஒரு படி மேலே: அதற்கு எச்எம்பி என்ற பிரிமிடின் துண்டுதான் வேண்டும், முழுத் தயமினைக் கொடுத்தால் பயனில்லை என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே தயமின் போட்டும் எழாத கல்ச்சருக்குத் தயமின் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. புத்தகத்தில் உங்கள் இனத்தின் பெயருக்கு எதிரே “தேவையில்லை” என்று இருந்தாலும், உங்கள் ஆய்வக வகை மாறியிருக்கலாம். நன்னீர்ப் பாசியான கிளாமிடோமோனாஸ் ரைன்ஹார்ட்டியை எப்போதும் பி12 உள்ள ஊடகத்திலேயே வளர்த்தபோது, சில நூறு தலைமுறைகளுக்குள் மெட்இ மரபணு பழுதான வகை தலையெடுத்து, பி12 இல்லாமல் வாழ முடியாமல் போனது. தாராளமாகக் கொடுத்துக் கொடுத்தே சார்ந்திருக்கப் பழக்கிவிட முடியும். பல ஆண்டுகளாக எஃப்/2-ல் கிடக்கும் கல்ச்சரைச் சோதிக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது

பி12 தேவை உறுதியான பிறகு, யார் கொடுத்துக்கொண்டிருந்தது என்று பார்ப்பதுதான் சுவையான பகுதி. முதல் அகார் தட்டில் வளர்ந்த காலனிகளைத் தனித்தனியாக எடுத்து, கரிமப் பொருள் இல்லாத ஊடகத்தில் இருமுறை கழுவி, மி.லி.க்குச் சுமார் பத்தாயிரம் செல் வீதம் பி12 இல்லாத பாசிக் குடுவையில் விடுங்கள். பெப்டோன் துளியும் கூட வரக் கூடாது. அதில் பி12 இருக்கும். பாசி எழுந்தால் அந்தப் பாக்டீரியா கொடுக்கிறது. பாசி இல்லாமல் பாக்டீரியா மட்டும் உள்ள குடுவை ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். பெரும்பாலும் அது வளராது. பாசி கரிமம் கொடுக்கிறது, பாக்டீரியா வைட்டமின் கொடுக்கிறது. ரூஜீரியா பொமெராயி என்ற கடல் பாக்டீரியாவும் தலாசியோசிராவும் இப்படித்தான்: டயட்டம் தருவது டிஎச்பிஎஸ் என்ற கந்தகச் சேர்மம், பதிலுக்குக் கிடைப்பது பி12.

சினெக்கோகாக்கஸ் போன்ற நீலப்பசும்பாசியை (பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா) சேர்த்துப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அதுவும் கோபாலமின் செய்யும். ஆனால் அடியில் டிஎம்பி என்ற துண்டுக்குப் பதில் அடினைன் இருக்கும். போலிக் கோபாலமின் என்று இதைச் சொல்லலாம். டயட்டம் போன்ற பாசிகளுக்கு இது ஏறக்குறைய உதவாது. சில பாசிகள், டிஎம்பியைத் தனியாகக் கொடுத்தால், அதைப் பிரித்துப் பொருத்தி உண்மையான பி12 ஆக்கிக்கொள்ளும். சினெக்கோகாக்கஸோடு எழாத குடுவையில் டிஎம்பி போட்டதும் எழுந்தால், உங்கள் பாசி அந்த வகை.

கடல்நீரில் பி12 அளக்க

இதே தலாசியோசிரா சூடோனானாவை அளவுகோலாகவும் பயன்படுத்தலாம். 1958-ல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் பிடித்த வகை இன்றும் அதற்குப் புழங்குகிறது. லிட்டருக்கு 1 மி.கி. உள்ள பி12 வேலைக் கரைசலை ஆயிரம் மடங்கு நீர்த்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதில் 40 மைக்ரோலிட்டரை 40 மி.லி. குடுவையில் விட்டால் லிட்டருக்கு 1 நானோகிராம். 0, 0.25, 0.5, 1, 2, 4 நானோகிராம் என்று வரிசை போட்டு, மூன்று சுற்று பட்டினி போட்ட பாசியை விதையாக இட்டு, உச்ச எண்ணிக்கையைக் கோடாக வரையுங்கள். மாதிரி நீரை 0.2 மைக்ரானில் வடிகட்டி, இருட்டில் உறைய வைத்துக் கொண்டுவர வேண்டும். மாதிரியிலும் 1 நானோகிராம் சேர்த்த குடுவை ஒன்று கட்டாயம். அதில் எதிர்பார்த்த கூடுதல் வரவில்லையென்றால் அந்த நீரில் பாசியைத் தடுக்கும் வேறு ஏதோ இருக்கிறது. எண்ணை நம்பாமல் நீரைப் பாதியாக நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

பொரிப்பகத்தில்

டன் கணக்கு வெளித்தொட்டியில் வைட்டமினுக்குச் செலவழிப்பதில் பெரிய பலன் கிடையாது. அங்கே பாக்டீரியா ஏராளம், தொட்டி மூன்று நான்கு நாளில் அறுவடையாகிவிடும், விதையோடு வரும் இருப்பே அதுவரை தாங்கும். வைட்டமின் முக்கியமாவது சோதனைக்குழாய், குடுவை, கேன் வரிசையில்: சுத்தமாக வைத்து, மாற்றி மாற்றி, மாதக்கணக்கில் ஓட்டும் இடத்தில். சுத்தம் கூடக் கூடப் பாக்டீரியா குறையும், அது தரும் வைட்டமினும் குறையும். புதிதாக வந்த ஆள் ஆட்டோகிளேவை ஒழுங்காக ஓட்டத் தொடங்கியதும் கீட்டோசெராஸ் என்ற டயட்டத்தின் ஸ்டாக் படுத்துவிட்டது என்றால், அவரைத் திட்டுமுன் வைட்டமின் குழாயின் தேதியைப் பாருங்கள்.